சிவக்காத மஞ்சள்

பங்குனி மாதத்தில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரக் கூடாது. வந்தால் திரும்பிப் போகும்போது அது வெள்ளைச் சட்டையாக இருக்காது. தோண்டி எடுத்த மஞ்சளை வேகவைத்து, களத்தில் கொட்டிக் கலகலவென்று காயவிட்டு, பிறகு ஒரு பெரிய இரும்பு டிரம்மில் போட்டு மோட்டார் வைத்து உருட்டுவார்கள். பாலீஷ் போடுவது என்று அதற்குப் பெயர். உருள உருளத் தோலும் மண்ணும் தூளாகிப் பறக்கும். காற்று கிழக்கே அடித்தால் கிழக்கே உள்ள வீடுகளுக்கு, மேற்கே அடித்தால் மேற்கே உள்ள வீடுகளுக்கு. சௌந்திரத்தின் வீடு களத்து மூலையிலேயே இருந்ததால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவளுக்கு ஒரு பங்கு உண்டு.

அவள் புருஷன் வெள்ளியங்கிரி அந்த டிரம்மை ஓட்டுகிறவன். அவள் களத்தில் உட்கார்ந்து விரலி மஞ்சளைத் தனியாக, கிழங்கு மஞ்சளைத் தனியாகப் பொறுக்கிப் போடுகிறவள். இரண்டு பேருடைய நகக்கண்ணும் மஞ்சள், பாதவெடிப்பும் மஞ்சள். வீட்டில் குடத்து விளிம்பு, சுவிட்சுப் பெட்டி, கண்ணாடிச் சட்டம், சாமி படம் எல்லாம் மஞ்சள். கொல்லிமலை அடிவாரத்தில் கூழும் கத்தரிக்காயுமாக வளர்ந்த பெண் அவள். கல்யாணமாகி வந்த புதிதில், புருஷனின் வேலைச்சட்டையை ஊறவைத்துச் சோப்புப் போட்டதும் துணி முழுக்க ரத்தமாகச் சிவந்துவிட்டது. "ஐயோ, நங்கை!" என்று அலறிவிட்டாள்.

நங்கை என்பது புருஷனின் அக்கா மாரியாயி. ஓடிவந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட கூறுகெட்டவளே! மஞ்சத்துணிக்குச் சோப்பப் போட்டா செவக்கத்தான் செய்யும். தண்ணில அலசு, பழையபடி மஞ்சளாயிரும். மஞ்சக்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்துட்டு இதுக்குப் போயிக் கத்தறயே!"

அன்றைக்குக் களமே சிரித்தது. பிறகு சௌந்திரத்துக்கும் அது பழகிப்போனது. சோப்புப் போட்டால் சிவக்கும், அலசினால் மஞ்சளாகும். தினமும் நடக்கிற காரியத்தை யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

அவர்களுக்கு ஒரே பெண், தேவிப்ரியா. இரண்டாம் வகுப்பு. வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். பிறந்து சில மாதத்திலேயே கன்னத்தில் செதில் செதிலாகக் கரப்பான் வந்தது. வளர வளர அது கன்னத்தை விட்டு முழங்கை மடிப்புக்கும் முழங்கால் பின்பக்கத்துக்கும் கழுத்துக்கும் இறங்கிக் குடியேறிவிட்டது. மழைக்காலத்தில் கொஞ்சம் தேவலை. மஞ்சள் காலத்தில் தூள் பட்டுவிட்டால் போதும், "அம்மா அரிக்குது, அம்மா அரிக்குது" என்று வீடே அதிரும். தூங்குகிற குழந்தை தூக்கத்திலேயே சொறியும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் கதவு விளிம்பில் போய்த் தேய்த்துக்கொள்ளும். அரிக்குது என்ற சொல்லைக் கேட்டாலே சௌந்திரத்துக்கு வெறுத்துப்போகும். என்ன பாவம் செய்தோம், இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே சாக வேண்டுமா என்று இருக்கும்.

ராசிபுரத்தில் தோல் டாக்டரம்மா ஒருவர் களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டால் அடங்கும். கடைசியாகப் போனபோது டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"இது சுத்தமா போற வியாதி இல்லம்மா. அடக்கி வெச்சுக்கலாம். ஆனா தோல் காஞ்சு வெடிச்சா அது வழியா கிருமி உள்ள போயிரும். தண்ணி கோத்துக்கிட்டு, மஞ்சளா பொருக்குக் கட்டி, காய்ச்சலும் வந்துச்சுன்னா கைவைத்தியம் எதுவும் பண்ணாதீங்க. நேரா கூட்டிட்டு வந்துருங்க."

"எங்கூட்ல எல்லாமே மஞ்சத்தானுங்க டாக்டரம்மா. அதுல எது பொருக்குனு கண்டேன்?" என்றாள் சௌந்திரம். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பின்னால் நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வருடம் ஊர் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். கோயில் முன்னால் வேப்பங்கம்பம் நின்றது, சாயங்காலமானால் பறைச்சத்தம் கேட்டது. தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு வெள்ளியங்கிரி கையில் காப்புக் கட்டியிருந்தான். மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சள், அவ்வளவுதான் காப்பு. ஆனால் அதைக் கட்டியவன் திருவிழா முடிந்து கம்பம் பிடுங்குகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டி ஏதாவது ஆனால் ஊர் அவனைத்தான் கை காட்டும்.

தேவிப்ரியாவுக்குக் காய்ச்சல் வந்தது அப்போதுதான்.

காலையில் எழுப்பப் போன சௌந்திரம் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்த இடங்களில் சிறு சிறு முத்துக்களாகத் தண்ணீர் கோத்திருந்தது. கன்னத்திலும் இரண்டு. களிம்பை எடுத்துப் பிதுக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டிலிருந்து மாரியாயி மோர் வாங்க வந்தாள்.

"ஏம்புள்ள, இதென்ன கன்னத்துல?"

"கரப்பானுங்க நங்கை. சொறிஞ்சுட்டா. காச்சல் வேற அடிக்குது."

மாரியாயி குனிந்து குழந்தையின் தாடையை நிமிர்த்திப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனாள். காலில் கிடந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்திருக்காடி."

"இல்லீங்க நங்கை, எப்பவும் வரதுதானுங்க..."

"கரப்பானுக்குக் காச்சல் வருமா? கரப்பான் முத்துப் போடுமா? கம்பம் நட்ட ஊருல, காப்புக் கட்டுன ஊட்டுல வந்து எறங்கியிருக்கா. நீ பாட்டுக்குக் கரப்பான் கிரப்பான்னு வாய வெக்காத. கன்னத்துல போட்டுக்கோ முதல்ல."

சௌந்திரம் போட்டுக்கொண்டாள். கையில் களிம்பு ஒட்டியிருந்ததால் கன்னத்திலும் ஒட்டியது. மாரியாயி அந்தக் களிம்புக் குழாயைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாரியாயியைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் சொன்னவர் வாய் அழுகிப்போகும். வெள்ளியங்கிரிக்கு மீசை அரும்புமுன்பே அம்மா செத்துப்போக, அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள்தான். தேவிப்ரியா பிறந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவளும் அவள்தான். அவளுக்கும் ஒரு மகன் இருந்தான். அவனுக்கு நிஜமாகவே அம்மை போட்டிருந்தபோது, பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடி ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். மறுநாள் போய்விட்டான். எதனால் போனான் என்று இப்போது யாரால் சொல்ல முடியும்? ஊசி போட்டதால்தான் ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று மாரியாயி நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் அவள் இத்தனை வருடம் உயிரோடு இருந்தாள்.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. கடுகு பொரியக் கூடாது, எண்ணெய் வாசம் வரக் கூடாது, வெளியாள் நுழையக் கூடாது. இளநீரும் மோரும் வெறும் சோறும். வேப்பங்கொழுந்தையும் பச்சை மஞ்சளையும் மாரியாயி தன் கையாலேயே அரைத்துக் குழந்தையின் கழுத்திலும் கைகால் மடிப்புகளிலும் குளிரக் குளிரப் பூசினாள். தேவிப்ரியா துடித்தாள்.

"எரியுது அத்தை! எரியுது! வேண்டாம்!"

"ஆத்தா எறங்கிப் போயிருவா சாமி. சித்த பொறுத்துக்கோ. என்ற தங்கமில்ல."

சாயங்காலம் டிரம்மை நிறுத்திவிட்டு வந்த வெள்ளியங்கிரி கைகால் கழுவிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றான். வெளியில் அலைந்த காலோடு உள்ளே போகக் கூடாது என்று அக்காவின் கட்டளை. எட்டி எட்டிப் பார்த்தான்.

"எப்புடி இருக்கறா?"

"மொனகிட்டே கெடக்கறா. ஏனுங்க, ராசிபுரத்துக்கு ஒரு எட்டுப் போயிக் காட்டிட்டு வந்தரலாமுங்களா? அந்த டாக்டரம்மா காச்சல் வந்தா கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். காப்புக் கயிறு வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது.

"எனக்கு மட்டும் வெசனம் இல்லைங்கறயா? அக்கா பையனுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"அது அம்மைங்க. இது அம்மைதானான்னு தெரியோணுமில்ல?"

"அக்காளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? கண்ட வார்த்தையப் பேசாத. அவளுக்குக் காது கேக்கும்."

அவள் என்று அவன் சொன்னது அக்காவையா ஆத்தாளையா என்று சௌந்திரத்துக்குப் புரியவில்லை. இரண்டு பேருக்கும் அவன் பயந்தான் என்பது மட்டும் புரிந்தது. அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. எட்டிப் பார்த்த கண் கலங்கியிருந்ததை அவளும் பார்த்தாள்.

மறுநாள் பூச்சு காய்ந்து, மேலே மேலே பூசிப் பூசிக் குழந்தை கோயில் சிலை மாதிரி மஞ்சளாகிவிட்டது. எங்கே புண், எங்கே தோல் என்று ஒன்றும் தெரியவில்லை. இளநீர் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். சௌந்திரம் வேப்பிலைக் கொத்தால் கழுத்தில் மெல்லத் தடவிக் கொடுத்தாள். அரிக்கும்போது அப்படித் தடவினால் குழந்தைக்குப் பிடிக்கும், இன்னும் இன்னும் என்று கழுத்தை நீட்டுவாள். இன்றைக்குக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

"அரிக்குதா சாமி?"

"அரிக்கலம்மா."

"பொறகு?"

"வலிக்குது."

சௌந்திரத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த ஏழு வருடத்தில் இந்தக் குழந்தை கரப்பானைப் பற்றி அரிக்கவில்லை என்று சொன்னதே இல்லை. அவள் ஓடிப்போய் மாரியாயியிடம் சொன்னாள்.

"பாத்தியா! ஆத்தா குளுந்துட்டா. அதான் அரிப்பு நின்னுருச்சு. நான் சொல்லல?"

"வலிக்குதுங்கறாளுங்க நங்கை."

"எறங்கறப்ப வலிக்கத்தான் செய்யும். நீ சும்மா சும்மா போயிக் கேட்டுக் கேட்டுக் கொழந்தயப் பயப்படுத்தாத."

சௌந்திரம் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாளே தவிர, மனசு ஒப்பவில்லை. அரிக்குது என்று கத்துகிற குழந்தையை இவளுக்குத் தெரியும். இப்படிச் சத்தம் போடாமல் கூரையைப் பார்த்துக் கிடக்கிற குழந்தையைத் தெரியாது.

அதற்கடுத்த நாள் வெயில் இன்னும் கூடியது. களத்தில் டிரம் சுற்றுகிற சத்தம் வீட்டுச் சுவரைக் குலுக்கிக்கொண்டிருந்தது. தேவிப்ரியா கண்ணைத் திறக்கவே சோம்பினாள். கூப்பிட்டால் ம் என்றாள், அவ்வளவுதான். தலையணை உறை வேப்பஞ்சாறும் மஞ்சளுமாகக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சௌந்திரம் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெல்லப் பிரித்தாள். அப்போதும் குழந்தை முகத்தைச் சுளித்தாள், அழவில்லை. அழாதது அவளை இன்னும் கலக்கியது.

மாரியாயியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு உறையை எடுத்துக்கொண்டு புறக்கடைத் துவைக்கிற கல்லுக்குப் போனாள். அம்மை போட்ட வீட்டில் துணிக்குச் சோப்புப் போடக் கூடாது, வேப்பிலைத் தண்ணீரில் அலசினால் போதும் என்றுதான் நங்கை சொல்லியிருந்தாள். ஆனால் உறையிலிருந்து ஒரு வீச்சம் வந்தது. வேம்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. புளித்த கவிச்சி மாதிரி ஒன்று. மனசு கேட்காமல் சோப்புக் கட்டியை எடுத்து அழுத்தித் தேய்த்தாள்.

துணி சிவந்தது. எப்போதும் போலத்தான். ஓரத்திலிருந்து நடுவுக்கு ரத்தச் சிவப்பாகப் பரவியது.

நடுவில், கன்னமும் கழுத்தும் பட்ட இடத்தில் மட்டும் சிவக்கவில்லை.

இன்னொரு தடவை தேய்த்தாள். நுரையை வழித்துவிட்டுப் பார்த்தாள். சுற்றிலும் சிவப்பு. நடுவில் திட்டுத் திட்டாக மஞ்சள், மஞ்சளாகவே நின்றது. விரலால் தடவினால் வெல்லப்பாகு காய்ந்தமாதிரி பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு பொருக்கு நகத்தோடு பெயர்ந்து வந்தது.

இத்தனை வருடத்தில் அவள் துவைத்த மஞ்சள் துணிக்குக் கணக்குக் கிடையாது. சோப்புப் பட்டுச் சிவக்காத மஞ்சளை அவள் பார்த்ததில்லை. சிவக்கவில்லை என்றால் அது மஞ்சள் இல்லை. மஞ்சளாகப் பொருக்குக் கட்டினால் நேராகக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்ற குரலும், அதற்குத் தான் சிரித்த சிரிப்பும் ஒன்றாக ஞாபகம் வந்தன. தாய் என்று இருந்து என்ன, இரண்டு நாளாகக் கண்ணெதிரே சீழ் வடிந்திருக்கிறது, அதை மஞ்சள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நுரை சொட்டச் சொட்ட உறையோடு களத்துக்கு ஓடினாள். டிரம் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. நேராக மோட்டார்ப் பெட்டிக்குப் போய் சுவிட்சைத் தட்டினாள். டிரம் இரண்டு சுற்றுச் சுற்றி முனகி நின்றது. மஞ்சள் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எவன்டா மோட்டார நிறுத்துனது?" என்று கத்திக்கொண்டே வந்த வெள்ளியங்கிரி அவளைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனான். "பாப்பாளுக்கு என்னாச்சு?"

"இதப் பாருங்க. சோப்புப் போட்டிருக்கறேன். செவந்திருக்குதா?"

"செவந்திருக்குது."

"நடுவுல பாருங்க."

அவன் பார்த்தான். அவனுக்கு அந்த மஞ்சளோடுதான் பிழைப்பு. நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தான்.

"அது மஞ்சளில்லீங்க. சீழு. நம்ம புள்ள மேல சீழ் வெச்சுக்கிட்டு நம்ம மஞ்சளப் பூசிப் பூசி மூடிட்டிருக்கறோம். நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வந்தாலுஞ் சரி, வராட்டியுஞ் சரி."

மூட்டை ஏற்றிக்கொண்டு போக ராசிபுரத்திலிருந்து அஸாருதீன் தன் குட்டியானையோடு வந்து நின்றிருந்தான். மண்டிக்கு மஞ்சள் ஏற்றுகிற சின்ன லாரி. அவளிடம் எப்போதும் அக்கா, அக்கா என்று பேசுகிறவன். ஏற்றிய மூட்டைகளை அவனே பிடித்து இறக்க ஆரம்பித்துவிட்டான்.

"மூட்ட கெடக்கட்டுங்க்கா. கொழந்தயத் தூக்கிட்டு வாங்க. பத்து நிமிசத்துல ராசிபுரம்."

டிரம் சத்தம் நின்றதில் மாரியாயிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் வீட்டுக்கு வந்தபோது வேப்பிலைக்குக் கீழே வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போறீங்க ரெண்டு பேரும் இந்த வேகத்துல?"

"ஆஸ்பத்திரிக்குங்க நங்கை."

"ஆத்தா இருக்கற ஊட்டுல இருந்தா? ஊசி போடவா? டேய் வெள்ளியங்கிரி, உன்ற பொண்டாட்டிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா? கைல காப்ப வெச்சுக்கிட்டு எல்லையத் தாண்டப் போறயா?"

"அக்கா, அவ சொல்றதக் கேளு..."

"என்னத்தக் கேக்கறது? ஒன்னப் பறிகுடுத்துட்டு நிக்கறவடா நானு! என்ற கையிலதான்டா அவன் போனான். இன்னொன்னையும் குடுக்கச் சொல்றயா?"

மாரியாயியின் குரல் உடைந்துவிட்டது. சௌந்திரத்துக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழ நேரமில்லை. அவள் உறையை விரித்து நங்கையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். நுரை தரையில் சொட்டியது.

"நங்கை, நான் இந்த ஊருக்கு வந்தப்ப இதுக்குத்தானுங்க கத்துனேன். மஞ்சத்துணிக்குச் சோப்பப் போட்டா செவக்கத்தான் செய்யும்னு நீங்கதான் சொன்னீங்க. இது ஏனுங்க செவக்கல?"

மாரியாயி பார்த்தாள். விரலை நீட்டி நடுவில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"ஆத்தா முத்து இப்புடி நாறாது," என்றாள் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு உடனே குரலை உயர்த்தினாள். "ஆனா ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா நீதான்டி பொறுப்பு. ஆத்தாளுக்கு நீதான் பதில் சொல்லோணும்."

"சொல்லிக்கறேனுங்க. ஆத்தாளும் பெத்தவதானுங்களே."

மாரியாயி நகர்கிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் கதவு நிலையில் ஊன்றியிருந்த கையை எடுத்தாள். சௌந்திரம் அந்த இடைவெளியில் நுழைந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது.

வண்டியில் முன்பக்கம் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். குழந்தை அவள் மடியில். ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதன் கிட்டே வந்ததும் வெள்ளியங்கிரி, "நிறுத்து தம்பி" என்றான்.

அஸாருதீன் நிறுத்தினான். சௌந்திரம் புருஷனைப் பார்க்கவில்லை. இங்கே இறங்கிவிட்டால் இனி அவன் முகத்தில் முழிக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவன் இறங்கினான். ஊரைப் பார்த்துத் திரும்பி, தோரணத்துக்குக் கீழே சுடுகிற தாரில் நெற்றி பட விழுந்து கும்பிட்டான். எழுந்து வந்து மறுபடி ஏறிக் கதவை அறைந்து சாத்தினான்.

"போலாம்."

தோரணத்து இலைகள் வண்டியின் மேலே உரசிக்கொண்டு போயின. அவன் காப்புக் கட்டிய கையால் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். ராசிபுரம் போகிறவரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அது சௌந்திரத்துக்குத் திட்டியதைவிட அதிகமாக உறைத்தது. பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துக் கழுத்தில் இருந்த பூச்சை மெல்ல மெல்லத் துடைத்தார். மஞ்சள் கரைந்து வர, அடியில் தோல் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது. துடைக்கத் துடைக்க அந்தச் சிவப்பு முடிகிற வழியாக இல்லை. கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து மார்பு. அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது.

"அம்மைங்களா டாக்டரம்மா?" என்றான் வெள்ளியங்கிரி.

"அம்மை இல்லைங்க. கரப்பான் வெடிப்புல பாக்டீரியா கிருமி பூந்துருச்சு. சீழ் வெச்சு, காய்ச்சல் கொண்டுவந்து, இப்ப உள்ள பரவப் பாக்குது. ரத்தத்துல போயிக் கலந்துருச்சுன்னா ஆபத்து. உடனே சேத்துருங்க. நரம்புல மருந்து போகணும்."

"பொழச்சுக்குவாளுங்களா?"

"வந்துட்டீங்கல்ல. பாப்போம். இனி இந்த சிவப்பு பரவாம நிக்கணும்."

பாப்போம் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சிவப்பு முடிகிற இடத்தில் நர்ஸ் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். கோட்டைத் தாண்டிப் பரவினால் கூப்பிடச் சொன்னாள். சௌந்திரம் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறந்த வீட்டுக் குலசாமி, புகுந்த வீட்டுக் குலசாமி, தெருவில் பார்த்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாள். மாரியம்மனையும்தான் கூப்பிட்டாள். கோபமாக இருந்தால் என்மேல் இறங்கு, இவளை விட்டுவிடு என்றாள்.

சிவப்பு ஒரு இடத்தில் கோட்டைத் தொட்டது. தாண்டவில்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கி, பிறகு மறுபடி ஏறி, கடைசியில் இறங்கியே விட்டது. சிவப்பு கோட்டிலிருந்து உள்ளே வாங்கியது. பொருக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆனால் குழந்தை பேசவில்லை. கேட்டால் தலையை ஆட்டினாள், கஞ்சியை விழுங்கினாள், தூங்கினாள். எட்டு ஊருக்குக் கேட்கிற வாய் எங்கே போனது என்று சௌந்திரம் தவித்தாள்.

ஊரில் கம்பம் பிடுங்கி ஆற்றில் விட்ட செய்தியை அஸாருதீன்தான் போனில் சொன்னான். வெள்ளியங்கிரியின் தீச்சட்டியை வேறு யாரோ எடுத்தார்களாம். அவன் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்புக் கயிற்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு மத்தியானம் மாரியாயி வந்தாள். பஸ் கூட்டத்தில் கசங்கிய சேலையோடு, கையில் தூக்குப்போசியோடு வார்டு வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலாகத் தேடினாள். இவர்களைக் கண்டதும் பக்கத்தில் வந்து குழந்தையின் காலடியில் நின்றாள். கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயைப் பார்த்தாள். அந்த ஊசியைப் பார்க்கப் பயந்து கண்ணைத் திருப்பிக்கொண்டாள். தூக்கின் மூடியைத் திறந்து சௌந்திரத்திடம் நீட்டினாள்.

ரசம். மேலே கடுகு மிதந்தது, கறிவேப்பிலை மிதந்தது. சுடச்சுடத் தாளித்த வாசம் ஆஸ்பத்திரி நெடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. அம்மை போட்ட வீட்டில் கடுகு பொரியாது. நங்கை தன் கையால் கடுகு தாளித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால் அதற்குமேல் அவள் வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும்?

"புள்ளைக்கு ஆகும்னுதான் ஒரப்புக் கம்மியாப் போட்டிருக்கறேன்," என்றாள் மாரியாயி. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் களிம்புக் குழாயை எடுத்தாள். நசுங்கிப் போயிருந்தது. அதைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. வெள்ளியங்கிரி எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் நின்றான்.

"அம்மா."

மூன்று பேரும் திரும்பினார்கள். தேவிப்ரியா கண்ணைத் திறந்திருந்தாள். புருவத்தைச் சுருக்கி, மருந்து ஏறாத கையை முழங்காலுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தாள். எட்டவில்லை.

"என்ன சாமி? வலிக்குதா?"

"இல்ல. அரிக்குது."

ஏழு வருடமாகக் கேட்டு வெறுத்துப்போன சொல். சௌந்திரம் கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்ட, குழந்தையின் முழங்காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, நகம் படாமல் உள்ளங்கையால் மெல்லத் தட்டிக் கொடுத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லு சாமி."

"அரிக்குதுங்கறேன்!" என்று தேவிப்ரியா வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.